எல்.கே.ஜி. பிள்ளையின் சளியும் மாமியாரின் காய்ச்சலும்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 4½ வயது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். அதிலிருந்து மாதம் ஒரு தடவை சளி, இருமல். ஒன்று விட்டதும் அடுத்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாலும் தயிர், வாழைப்பழம் கொடுப்பதாலும்தான் வருகிறது என்கிறார் மாமியார். இதற்காக வீட்டில் தினமும் சண்டை. போன மாதம் அவனுக்குச் சளி பிடித்த மூன்றாம் நாள் மாமியாரும் காய்ச்சலில் விழுந்தார். அவருக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டும் நான்கு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. பையனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? ஃப்ளூ ஊசி என்கிறார்களே, அதைப் போட வேண்டுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

சகோதரி, உங்கள் மகனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக இருப்பதாகத் தெரியவில்லை. அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது இயல்பு. பள்ளியில் சேர்ந்த முதல் வருஷம் இன்னும் இரண்டு மூன்று கூடலாம். ஒவ்வொரு சளியும் ஒரு வாரம், பத்து நாள் நீளும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் திரிவான். பார்க்கிற நமக்குத்தான் அது ஒரே சளி, விடாமல் ஓடுகிற மாதிரி இருக்கும்.

உண்மையில் அவை வேறு வேறு சளிகள். சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோவைரஸ் என்ற கூட்டம். அதில் மட்டும் 160-க்கு மேல் வகைகள் இருக்கின்றன. அது போக அடினோ, பாராஇன்ஃப்ளூயன்ஸா, ஆர்.எஸ்.வி., கொரோனாவின் பழைய சாதுவான உறவினர்கள் என்று பட்டியல் நீளும். ஒரு வகையோடு சண்டை போட்டு ஜெயித்தால் அந்த வகையைத்தான் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும். பக்கத்து பெஞ்சிலிருந்து வரும் அடுத்த வகை அதற்குப் புது ஆள். ஏழெட்டு வயதுக்குள் இந்த அறிமுகங்கள் பெரும்பாலும் முடிந்து, சளி தானாகக் குறைந்துவிடும். பெரியவர்களான நமக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்றுதான் வருகிறது. நாமும் நம் எல்.கே.ஜி. காலத்தில் மூக்கு ஒழுகிய பிள்ளைகள்தான்.

பையன் எடை ஏறுகிறான், சளி இல்லாத நாட்களில் ஓடியாடுகிறான் என்றால் கவலை வேண்டாம். எடை ஏறாமல் நிற்பது, ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, அடிக்கடி காதில் சீழ், ஒவ்வொரு சளியிலும் நெஞ்சில் விசில் சத்தம், ஓடினால் அல்லது சிரித்தால் இருமல், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் இருமல் - இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியாகச் சொன்ன மூன்றும் ஆஸ்துமாவின் அடையாளமாக இருக்கலாம். அதை 'சளி, சளி' என்று சிரப் கொடுத்தே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, சண்டைக்கு வருவோம். உங்கள் மாமியார் சொல்வதைத்தான் உலகம் முழுக்கப் பாட்டிகள் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் 1946-லிருந்து 1990 வரை சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் நடந்தது. ஆட்கள் தாமாக முன்வந்து பத்து நாள் அங்கே தங்கி, மூக்கில் வைரஸ் சொட்டு விட்டுக்கொள்வார்கள். சிலரை வெந்நீரில் குளிக்க வைத்து, துவட்டாமல் காற்று வீசும் இடத்தில் நிறுத்தி, ஈர சாக்ஸோடு உட்கார வைத்தெல்லாம் பார்த்தார்கள். வெறும் குளிரும் ஈரமும் பட்டவர்களுக்குச் சளி வரவில்லை. வைரஸ் போனவர்களுக்குத்தான் வந்தது. மாமியாரின் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு, மறைப்பானேன்? 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சிலரின் கால்களை 20 நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில், கால் நனைக்காதவர்களைவிட நனைத்தவர்களே சளி பிடித்ததாக அதிகம் சொன்னார்கள். ஏற்கெனவே மூக்கில் சத்தமில்லாமல் குடியேறிய வைரஸுக்குக் குளிர் கொஞ்சம் கை கொடுக்கலாம் என்பது அவர்கள் யூகம். ஆனால் வைரஸே இல்லாத மூக்கில் தண்ணீர் ஊற்றிச் சளியை உண்டாக்க முடியாது.

ஆகவே பையனைத் தலைக்குக் குளிப்பாட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றி நன்றாகத் துவட்டிவிட்டால் பாட்டிக்கும் நிம்மதி. தயிரும் வாழைப்பழமும் எந்த வைரஸையும் கொண்டுவருவதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிரைத் தொண்டை கரகரப்பாக இருக்கும்போது அவனே வேண்டாம் என்பான், அப்போது விட்டுவிடுங்கள். சளி பிடித்த வாரத்தில் சாப்பாடு ஏற்கெனவே பாதியாகியிருக்கும். அந்த நேரத்தில் தயிரைத் தள்ளு, பழத்தைத் தள்ளு, முட்டை சூடு என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் பிள்ளை வெறும் பிஸ்கட்டில் நாள் ஓட்டுவான். எனக்கு அதுதான் பெரிய கவலை.

மழைக்காலத்தில் சளி கூடுவது நிஜம்தான். தமிழ்நாட்டில் ஃப்ளூவும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அதிகம் தலைகாட்டும். மழை என்றால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்துகொள்கிறோம் என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். உங்கள் வீட்டில் எப்படியோ தெரியாது. நான் பார்க்கும் பல வீடுகளில் ஏ.சி. ஒரே அறையில்தான் இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினால் அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி என்று மொத்தக் குடும்பமும் காலை ஆறு மணி வரை அதே காற்றைத்தான் மாற்றி மாற்றி இழுக்கிறது. வீட்டு ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை; உள்ளே இருப்பதையே குளிர வைத்துத் திருப்பி அனுப்புகிறது. யாருக்காவது சளியோ காய்ச்சலோ என்றால் அந்த வாரம் ஏ.சி.யை நிறுத்தி, ஃபேன் போட்டு, கொசுவலை அடித்த ஜன்னலைத் திறந்து வையுங்கள். தயிரை நிறுத்துவதைவிட இதில் பலன் அதிகம்.

அடுத்தது கை. எல்.கே.ஜி. பிள்ளையின் சட்டையில் ஊக்கு போட்டு ஒரு கர்ச்சீப் குத்தி அனுப்புகிறோமே, சாயங்காலம் அதை ஒரு தடவை பாருங்கள். காலையில் துடைத்த மூக்கு, மதியம் துடைத்த வாய், கொட்டின தண்ணீர், பக்கத்துப் பிள்ளையின் கண்ணீர் எல்லாம் அதே துணியில்தான். அந்தத் துணியைத் தொட்ட கையால்தான் டிபன் பாக்ஸைத் திறப்பான், கண்ணைக் கசக்குவான். சளி வைரஸுக்கு மூக்கைப் போலவே கண்ணும் ஒரு வாசல். கர்ச்சீப்பை விட வேண்டாம், பையில் இன்னும் இரண்டு வைத்து அனுப்புங்கள். வீட்டுக்குள் வந்ததும் ஷூவைக் கழற்றின கையோடு சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுவதைப் பழக்கமாக்குங்கள். தண்ணீரில் நனைத்துவிட்டு ஓடுவது கணக்கில் வராது. தும்மினால் உள்ளங்கையை வைக்காமல் முழங்கை மடிப்பில் தும்மச் சொல்லிக் கொடுங்கள். நாலரை வயதுப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் நம்மைத் திருத்துவார்கள்.

இவ்வளவு செய்தாலும் பையனுக்கு வருஷத்தில் நாலைந்து சளி வரும். வரட்டும். நான் உங்களைக் கவனமாக இருக்கச் சொல்வது அவனுக்காக அல்ல, உங்கள் மாமியாருக்காக.

அவருக்கு வந்ததை நேரில் பார்க்காமல் இன்னது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது சாதாரணச் சளி போல இல்லை, ஃப்ளூ போலத்தான் இருக்கிறது. சளி மெதுவாக வரும்: இன்று தொண்டை கரகரப்பு, நாளை மூக்கு ஒழுகல், மறுநாள் அடைப்பு. காய்ச்சல் இருந்தாலும் லேசாக இருக்கும், ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். ஃப்ளூ திடீரென்று வந்து ஆளை அடித்துப் போடும். "காலையில் நன்றாகத்தான் காபி குடித்தார், மதியம் மூன்று மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்" என்று வீட்டில் உள்ளவர்கள் நேரத்தோடு சொல்வார்கள். குளிர், 102 டிகிரிக் காய்ச்சல், உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி, தலைவலி, வறட்டு இருமல். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று எல்லோரும் பயந்த எச்1என்1, 2023 தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுற்றிய எச்3என்2, இரண்டுமே இந்தக் குடும்பம்தான். குழந்தைக்கு வெறும் சளி போல வந்துபோகும் அதே ஃப்ளூ, வீட்டிலுள்ள வயதானவருக்கு நிமோனியாவாக மாறலாம்.

சர்க்கரை உள்ளவருக்கு இது இரட்டைத் தொல்லை. காய்ச்சலில் சர்க்கரை எகிறும். சர்க்கரை எகிறினால் காய்ச்சல் விடாது. இதயத்துக்கும் ஆபத்து உண்டு. ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுகிறது என்று 2018-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே 67 வயதுக்காரரின் காய்ச்சலை 'பேரனிடமிருந்து ஒட்டிக்கொண்ட சளிதானே' என்று வீட்டோடு முடிக்க வேண்டாம். ஓசல்டாமிவிர் என்று ஃப்ளூவுக்கே உரிய மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். எல்லோருக்கும் அது தேவையில்லை, டெஸ்ட் கூடத் தேவையில்லை. ஆனால் முதியவர்கள், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நாலாம் நாள் வந்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவியிருக்கும். இன்னொன்று: மழைக்காலத்தில் சளியோ இருமலோ இல்லாமல் வெறும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் வந்தால் அது டெங்குவாக இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும். அதனால் காய்ச்சல் என்றால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வலி மாத்திரைகளான ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டாம். டெங்குவில் ரத்தக் கசிவை அவை கூட்டிவிடும்.

'மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். காய்ச்சல், சளி என்று போய் நின்றால் இரண்டு வேளைக்கென்று அட்டையிலிருந்து வெட்டி ஒரு சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். என்னிடம் அந்த உறையோடு வருபவர்களின் மாத்திரைகளை மேஜையில் கொட்டிப் பார்ப்பேன். பெரிய வெள்ளை மாத்திரை பாராசிட்டமால், அது சரி. மூக்கு ஒழுகலுக்கு ஒன்று, தூக்கம் வரும். ஒரு ஆன்டிபயாட்டிக், பெரும்பாலும் அசித்ரோமைசின். கூடவே பொடி மாத்திரை ஒன்று, பலமுறை அது ஸ்டீராய்டாக இருக்கும். அதைப் போட்டதும் உடம்பு வலி பறந்து, 'அந்தக் கடை மாத்திரை உடனே கேட்கிறது' என்ற பேரும் வரும். உங்கள் மாமியாருக்குக் கொடுத்ததில் அது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் சர்க்கரை 300, 400 என்று ஏறுவதற்கு அதுவே போதும். ஆன்டிபயாட்டிக் கிருமிகளில் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சளி, ஃப்ளூ இரண்டும் வைரஸ், அவற்றுக்கு அது பச்சைத் தண்ணீர். 2023 மார்ச்சில் இருமலும் காய்ச்சலும் பரவியபோது, கண்டபடி ஆன்டிபயாட்டிக் எழுதாதீர்கள் என்று இந்திய மருத்துவச் சங்கமே டாக்டர்களுக்கு அறிக்கை விட்டது. டாக்டர்களுக்கே அப்படி என்றால் கடைக்காரரைச் சொல்லி என்ன?

'சளி பச்சையாக வருகிறது, அப்போது கூடவா வேண்டாம்?' என்று கேட்பீர்கள். அந்தப் பச்சை நிறம் நம் வெள்ளை அணுக்களிலிருந்து வருவது. அவற்றில் உள்ள ஒரு நொதிக்கே பச்சை நிறம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சளி கெட்டியாகிப் பச்சையாவது வைரஸ் சளியிலும் வழக்கம். நிறத்தை வைத்து மருந்து மாற்ற வேண்டாம்.

பையனுக்கான மருந்து இன்னும் சுருக்கம். காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் சிரப், ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் போகாமல். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்: 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒரு ரகம், 250 மில்லிகிராம் என்று இன்னொரு ரகம், அட்டைப்பெட்டி ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 16 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம். இரண்டாவது ரகத்தில் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு, முதல் ரகத்தில் ஏறக்குறைய 10 மில்லி. போன தடவை வாங்கியது எந்த ரகம் என்று பார்க்காமல் 'வழக்கமான அளவு' ஊற்றினால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும். அளவு மூடியிலேயே ஊற்றுங்கள், சமையலறை ஸ்பூன் வேண்டாம்.

இருமல் சிரப்பை நான் இந்த வயதில் எழுதுவதில்லை. சளி சிரப்புகளில் பரவலாக இருக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தது ஞாபகம் இருக்கும். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்தது. அந்தக் குழந்தைகள் பலருக்கும் வந்திருந்தது, தானாகவே போய்விடக்கூடிய சளிதான். நாலரை வயதுப் பையனின் இருமலுக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் போதும், அது நிஜமாகவே இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குக் கீழே மட்டும் தேன் கூடாது. மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து இருக்கிறது, தாராளமாக விடலாம்.

பாட்டி வைத்தியத்தில் எனக்குப் பகை இல்லை. மிளகு ரசம், தூதுவளை ரசம், இஞ்சித் தண்ணீர், மஞ்சள் பால், ஓமவல்லிச் சாறு ஒரு சொட்டு என்று எது இதமாக இருக்கிறதோ கொடுங்கள். சூடாக உள்ளே போகிற எதுவும் தொண்டைக்கு நல்லது, நீர்ச்சத்தும் சேரும். நோயைத் தடுக்கும் என்று நம்பித் தினமும் கஷாயம் புகட்ட வேண்டாம், அதற்கு நல்ல சான்று இல்லை. வைட்டமின் சி மாத்திரையும் அதே ரகம். தினமும் போட்டாலும் சளி வருவது குறைவதில்லை. ஆனால் மூன்று விஷயங்களில் பாட்டியிடம் நீங்கள் கண்டிப்பாக 'வேண்டாம்' சொல்லலாம், நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது: கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், கைக்கெட்டும் கட்டியை வாயில் போட்டுவிட்டால் வலிப்பே வரும். மூக்கில் எண்ணெய் விடுவது: அது நுரையீரலுக்கு இறங்கி வேறு விதமான நிமோனியாவைத் தரும். அப்புறம் பிள்ளையைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்க வைப்பது. ஆவியால் சளி சீக்கிரம் குணமாவதாக நிரூபணம் இல்லை. கொதிக்கிற பாத்திரம் மடியில் கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்த பிள்ளைகளை எந்தத் தீக்காயப் பிரிவிலும் பார்க்கலாம்.

எப்போது ஓட வேண்டும்? பையன் காய்ச்சல் விட்டிருக்கும்போதும் துவண்டே கிடந்தால், தண்ணீர்கூடக் குடிக்காவிட்டால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால். தூங்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள்: நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், அன்றிரவே போக வேண்டும். மாமியார் விஷயத்தில் காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை நம்பாதீர்கள், வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக ஏறாமலே நிமோனியா இருக்கும். பேச்சில் தடுமாற்றம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி, கொரோனா நேரத்தில் வாங்கிய விரல் மீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே - இவைதான் அடையாளம். இரண்டு நாள் தேறிவிட்டு மறுபடி காய்ச்சல் வந்தாலும் காட்டுங்கள். சாப்பிடவில்லை என்று சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம், வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது போட்டுக்கொண்டே போகவும் வேண்டாம். அவருடைய டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஊசி. போடலாம், உங்கள் வீட்டில் முதலில் மாமியாருக்கு, அடுத்து பையனுக்கு. ஃப்ளூ ஊசி சளியைத் தடுக்காது. ஃப்ளூவை மட்டும்தான் தடுக்கும், அதையும் முழுக்க அல்ல. ஊசியும் ஊரில் சுற்றும் வைரஸும் பொருந்திய வருஷத்தில் டாக்டரிடம் போகிற அளவு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போவது குறையும். இதைச் சொல்லாமல் போட்டுவிட்டால், அடுத்த மாதம் பையன் தும்மும்போது 'ஊசி வேஸ்ட்' என்பீர்கள். நாம் போடும் ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது; கை ஒரு நாள் வலிக்கும், சிலருக்கு லேசாக உடம்பு சுடும். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை ஊசியின் கலவையைப் பரிசீலித்து அறிவிக்கிறது. போன வருஷ ஊசி இந்த வருஷத்துக்கு ஆகாது. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். புது சரக்கா என்று கேட்டுப் போடுங்கள். வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் நம் ஊருக்கு ஆகஸ்ட், செப்டம்பர் சரியான நேரம், தவறிவிட்டால் மழை தொடங்கிய பிறகும் போடலாம். பையனுக்கு முதல் தடவை என்பதால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று. மாமியாருக்கு ஒரே ஊசி. அவருக்கு நிமோனியா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

அதுவரை பையனுக்குச் சளி பிடித்தால் ஐந்தாறு நாள் மட்டும் அவன் பாட்டி பக்கத்தில் படுக்க வேண்டாம். அழுவான், பாட்டியும் கோபித்துக்கொள்வார். கதை சொல்லும் நேரத்தைக் காற்றோட்டமான திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ மாற்றி, பாட்டியை ஒரு மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டிலை மட்டும் தனியாகப் போடுங்கள்.